தாத்தாவின் ராலி சைக்கிளுக்கு வீட்டிலேயே பெயிண்ட் அடிக்கலாமா?

நீங்கள் கேட்டதைச் சுருக்கிச் சொன்னால் இதுதான்: தாத்தா ஓட்டிய இங்கிலாந்து ராலி, கறுப்பு நிறம், ராடு பிரேக், பின்சக்கரத்தில் மூன்று கியர். பல வருடம் மாட்டுக்கொட்டகையில் சாத்தி வைத்ததில் துரு ஏறிவிட்டது. கடையில் கொடுக்காமல் நீங்களே பிரித்து, ஸ்ப்ரே கேன் வாங்கிக் கறுப்பு அடித்து, மறுபடி ஓட்ட வேண்டும். எந்தப் பெயிண்ட் நல்லது? கேள்வி பெயிண்டைப் பற்றி இருந்தாலும், அந்த வண்டியை அவர் ஓட்டியபோது இருந்த மாதிரி கொண்டுவர முடியுமா என்பதுதான் உங்கள் மனதில் இருப்பது என்று எடுத்துக்கொண்டு எழுதுகிறேன். ஓட்டத்தைப் பொறுத்தவரை கிட்டத்தட்ட முழுசாகக் கொண்டுவரலாம். தோற்றத்தைப் பொறுத்தவரை, நீங்கள் பெயிண்ட் அடித்தால் அது வேறு வண்டியாகிவிட வாய்ப்பு அதிகம். அதனால்தான் கேன் வாங்குவதைக் கொஞ்சம் தள்ளிப்போடச் சொல்கிறேன்.

நான் வண்டிப் பட்டறையில் பெயிண்ட் வேலை பழகியவன், பழைய இங்கிலாந்து சைக்கிள்களைப் பிரித்துக் கோர்ப்பது பல வருடப் பழக்கம். குரோம் முலாம் பூசுவது என் வேலை கிடையாது, அதைப் பற்றி அதிகம் சொல்லமாட்டேன். அப்புறம், பிரேம் உள்ளுக்குள் எவ்வளவு அரித்திருக்கிறது என்று படத்தைப் பார்த்து யாராலும் சொல்ல முடியாது, கையில் எடுத்துப் பார்த்தால்தான் தெரியும்.

முதலில் ஏன் தயங்கச் சொல்கிறேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன். நாட்டிங்ஹாமில் ராலி செய்த பிரேம்களுக்கு, இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு, பாண்டரைஸ் என்று சொல்லப்படும் பாஸ்பேட் பூச்சு முதலில் போட்டு, அதற்கு மேல் எனாமலை அடுப்பில் வைத்துச் சுட்டார்கள். அந்தக் கறுப்பு இன்று நாம் கேனில் அடிக்கும் கறுப்பைவிடக் கடினமானது, ஒட்டுப்பிடிப்பும் அதிகம். அதன் மேல் தங்க நிறக் கோடுகள் கையால் இழுத்தவை. எழுத்துகளும் சின்னங்களும் டிரான்ஸ்ஃபர் என்ற அச்சுப்படத்தை ஒட்டி வார்னிஷ் அடித்தவை. இவை மூன்றும் போனால் திரும்பி வராது. பல்லிளித்த குரோமை மறுபடி முலாம் பூசலாம், தேய்ந்த பாகத்தை மாற்றலாம், ஆனால் அந்தக் கோட்டை இழுத்த கையை எங்கே தேடுவது? அதனால் என் கருத்து ஒன்றுதான்: பழைய பெயிண்ட் பாதிக்கு மேல் பிழைத்திருந்தால் அதை வைத்துக்கொண்டு இயந்திர வேலையை மட்டும் ஒழுங்காகச் செய்யுங்கள். பெயிண்ட் உரிந்து இரும்பு தெரியும் இடங்கள் பெரிதாகப் பரவியிருந்தாலோ, யாரோ ஏற்கெனவே பிரஷ்ஷால் ஏதோ ஒரு நிறம் பூசிவிட்டிருந்தாலோ மட்டும் புதிதாக அடிக்கலாம்.

பாதிக்கு மேல் பிழைத்திருக்கிறதா என்பது கழுவிப் பார்க்காமல் தெரியாது. கொட்டகையில் கிடந்த வண்டியின் மேல் இருக்கும் பழுப்பு நிறமெல்லாம் துரு இல்லை. பாதிக்கு மேல் பழைய எண்ணெயும் தூசியும் சேர்ந்து இறுகிய பிசுக்குதான், அதுதான் அடியில் இருக்கும் பெயிண்டை இத்தனை வருடம் காப்பாற்றியும் இருக்கும். பாத்திரம் கழுவும் சோப்பை வெதுவெதுப்பான தண்ணீரில் கலந்து, பழைய பனியன் துணியால் துடையுங்கள். போகாத இடத்தில் கொஞ்சம் மண்ணெண்ணெய் அல்லது டர்பென்டைன், அதையும் பெடல் அச்சு இருக்கும் பகுதியின் அடிப்பக்கம் போலக் கண்ணில் படாத இடத்தில் தடவிப் பார்த்துவிட்டுத்தான் மற்ற இடத்துக்கு. தின்னர், பெட்ரோல் இரண்டும் வேண்டவே வேண்டாம். எழுத்து, சின்னம் இருக்கும் இடங்களில் சோப்புத் தண்ணீரோடு நிறுத்திக்கொள்ளுங்கள், ரப்பிங் காம்பவுண்டு பக்கத்திலேயே வரக்கூடாது, ஏனென்றால் தங்க எழுத்துக்கு மேல் இருக்கும் வார்னிஷ் இதற்குள் காகிதம் போல மெலிந்திருக்கும். செயின் கவரின் உள்பக்கத்தையும் மட்கார்டு பிரேமோடு சேரும் மூலையையும் துடைத்துப் பாருங்கள். அங்கே தெரியும் கறுப்புதான் வண்டி கடையை விட்டு வந்த நாளில் இருந்த கறுப்பு. மற்ற இடங்களை அதோடு ஒப்பிட்டால் முடிவெடுப்பது சுலபம்.

கழுவும்போதே வண்டியின் வயதையும் பார்த்துவிடலாம். பின்சக்கர ஹப்பின் உடம்பில் ஸ்டர்மி-ஆர்ச்சர் என்ற கம்பெனிப் பெயரும், ஏ.டபிள்யூ. என்ற மூன்று கியர் மாடலின் எழுத்துகளும், பக்கத்தில் எண்களும் பொறித்திருக்கும். 56 என்றும் 4 என்றும் இருந்தால் அந்த ஹப் 1956 ஏப்ரலில் செய்தது. இது உறுதியான தகவல், ஆனால் ஹப்புக்கு மட்டும். சக்கரம் இடையில் மாற்றப்பட்டிருந்தால் வண்டியின் வயது வேறாக இருக்கும். பிரேமில் இருக்கும் எண்ணை வைத்து வருடம் சொல்கிறவர்களை நான் முழுசாக நம்புவதில்லை. எண் வரிசைகள் ஒரே சீராகப் போகவில்லை, பட்டியல்களும் ஒன்றோடொன்று முரண்படுகின்றன. இன்னொன்று, ராலி என்று எழுதியிருந்தாலே இங்கிலாந்து வண்டி ஆகிவிடாது. 1950களில் வங்காளத்தின் அசன்சோலில் சென்-ராலி தொழிற்சாலை இதே பெயரில் சைக்கிள் செய்தது. முன்பக்கத் தகட்டில் நாரைத் தலைக்குக் கீழே நாட்டிங்ஹாம், இங்கிலாந்து என்று இருக்கிறதா பாருங்கள். செயின் வீலில் மூன்று நாரைத் தலைகள் வெட்டியிருக்கும், அதுவும் ராலியின் அடையாளம். (கேள்வியை வேறு யாராவது படித்துவிட்டு வந்திருந்தால்: ஹெர்குலிஸ், பிலிப்ஸ், பி.எஸ்.ஏ. வண்டிகளுக்கும் இதே கவனம் வேண்டும். டி.ஐ. சைக்கிள்ஸ் 1949-ல் தொடங்கி அம்பத்தூரில் இந்தப் பெயர்களில் வண்டி செய்திருக்கிறது. அவையும் நல்ல வண்டிகள்தான், ஆனால் பர்மிங்ஹாமில் வந்தவை வேறு.)

அடுத்தது பிரேம். இதைச் சோதிக்காமல் பெயிண்டுக்குச் செலவு செய்வது வீண். முன்பக்கம் ஹேண்டில் பாருக்குக் கீழே, போர்க் (முன்சக்கரத்தைப் பிடிக்கும் கவை) நுழையும் குழாயோடு கீழ்க்குழாய் சேரும் இடத்தின் அடிப்பக்கத்தில் விரலை ஓட்டிப் பாருங்கள். அங்கே பெயிண்ட் சுருங்கி வரிவரியாக இருந்தாலோ, ஒரு மேடு தட்டுப்பட்டாலோ வண்டி எப்போதோ எதிலோ நேராக மோதியிருக்கிறது. பிறகு ஒரு நூலை எடுத்து, பின் அச்சு உட்காரும் வலது பிளவில் கட்டி, முன்குழாயைச் சுற்றிக் கொண்டுவந்து இடது பிளவில் கட்டுங்கள். நூலுக்கும் சீட் குழாய்க்கும் உள்ள இடைவெளி இரண்டு பக்கமும் ஒன்றாக இருக்க வேண்டும். ஒன்றிரண்டு மில்லிமீட்டர் வித்தியாசம் பரவாயில்லை, அதற்கு மேல் போனால் அனுபவமுள்ள ஒருவர் பார்க்கட்டும். கடைசியாக, எல்லாக் குழாய்களையும் சின்ன ஸ்பேனரால் மெதுவாகத் தட்டிக்கொண்டே வாருங்கள். கணீரென்று கேட்ட ஒலி ஓர் இடத்தில் மந்தமானால், உள்ளே அரிப்பு இருக்கிறதா என்று அங்கே டார்ச் அடித்துப் பாருங்கள். சீட் போஸ்டைக் கழற்றியதும் சீட் குழாய்க்குள்ளும், பெடல் அச்சை எடுத்ததும் அது இருந்த கூட்டுக்குள்ளும் பார்க்கலாம். தண்ணீர் தேங்குவது அங்கேதான்.

பிரிக்கும்போது உங்களை அழவைக்கப்போவது காட்டர் பின்தான். கிராங்கை (பெடல் மாட்டும் கையை) பெடல் அச்சோடு பிடித்து வைத்திருக்கும் அந்தச் சின்ன ஆப்பு பல வருடத் துருவில் ஒரே இரும்பாகிப் போயிருக்கும். சுத்தியல் எடுத்து நேரே அதன் மரையில் அடித்தால் மரை காளான் போல விரிந்து, அப்புறம் ட்ரில் போட்டுத்தான் எடுக்க வேண்டும். முதல் நாளே துரு இளக்கும் எண்ணெயை இரண்டு பக்கமும் விட்டுவிடுங்கள், இரவு ஊறட்டும். மறுநாள் நட்டை முழுசாகக் கழற்றாமல், அதன் மேல்மட்டமும் பின்னின் நுனியும் சமமாக வரும்வரை மட்டும் தளர்த்துங்கள். அடி மரையில் விழாமல் நட்டும் சேர்ந்து வாங்கிக்கொள்ளும். கிராங்கின் அடியில், பின்னின் தலை நுழையும் அளவு ஓட்டையுள்ள ஒரு தடிமனான இரும்புக் குழாயைத் தரையிலிருந்து முட்டுக்கொடுத்து நிறுத்துங்கள். இது இல்லாமல் அடித்தால் அடியின் விசை முழுக்க அச்சின் கப்புகளுக்கும் (பால்ஸ் ஓடும் கிண்ணங்கள்) பால்ஸுக்கும் போய், அவற்றில் குழி விழும். முட்டு சரியாக நின்றதும், கனமான சுத்தியலால் ஒரே ஒரு நல்ல அடி. பத்துச் சின்ன அடி பின்னை வளைக்கும், ஒரு பெரிய அடி அதை வெளியே தள்ளும். சி வடிவ கிளாம்பால் ஒரு அழுத்தும் கருவி செய்துகொண்டால் சுத்தியலே வேண்டாம், அது இன்னும் நல்லது. எடுத்த பின்னைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது வாங்குங்கள், ஆனால் பழையதைக் கையில் கொண்டுபோய் அதன் சரிவு ஒத்துப்போகிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

மரைகளைப் பற்றி ஒரு எச்சரிக்கை. இடது பெடலும், வலது பக்கத்துப் பெடல் அச்சுக் கப்பும் எதிர்மரை. வழக்கமான திசையில் பலம் போட்டால் இன்னும் இறுகும். அந்த வலது கப் நல்ல நிலையில் இருந்தால் கழற்றவே வேண்டாம், உள்ளேயே சுத்தம் செய்து, பெயிண்ட் அடிப்பதானால் துணியும் டேப்பும் வைத்து மறைத்துவிடலாம். ராலி தன் பிரேம்களில் அச்சுக் கப்புக்கும் போர்க் மரைக்கும் அங்குலத்துக்கு 26 மரை வைத்தது, மற்ற இங்கிலாந்து கம்பெனிகளின் அச்சுக் கப்புகள் பெரும்பாலும் 24. இரண்டும் முதல் சுற்று கையால் ஏறுகிற மாதிரியே இருக்கும், பிறகு மாட்டும், ஸ்பேனர் போட்டுத் திருகினால் பிரேமின் மரை போய்விடும். கையால் நாலைந்து சுற்று சுலபமாகப் போகாத எதையும் பலம் போட்டு ஏற்றாதீர்கள். நட்டுகளுக்கும் மில்லிமீட்டர் ஸ்பேனர் சரியாக உட்காராது, முனை மழுங்கிவிடும். பழைய இரும்புச் சாமான் கடைகளில் விட்வொர்த் என்ற பழைய இங்கிலாந்து அளவு ஸ்பேனர் இன்னும் கிடைக்கிறது, இரண்டு மூன்று தேடி வாங்கிவைத்துக்கொள்வது இந்த வேலைக்கு மிகவும் உதவும். கழற்றும் ஒவ்வொரு பாகத்தையும் போன் கேமராவில் எடுத்துவிட்டு, வாஷர் எந்த வரிசையில் இருந்ததோ அதே வரிசையில் கம்பியில் கோர்த்து வையுங்கள். பின் அச்சில் நாக்கு நீட்டிய ஒரு வாஷர் இருக்கும், அது தொலைந்தால் அச்சு சுழன்று கியரே நிற்காது.

முன் ஹப் நடுவில் பெரிய டப்பா மாதிரி அகலமாக இருந்தால் அது ஸ்டர்மி-ஆர்ச்சரின் டைனோஹப், விளக்குக்கு மின்சாரம் தரும் ஹப். அதன் காந்தத்துக்குள் இருக்கும் கம்பிச் சுருளை வெளியே எடுக்காதீர்கள். அதற்கான இரும்பு வளையத்தை மாற்றி நுழைக்காமல் எடுத்தால் காந்த சக்தி குறைந்துவிடும், அப்புறம் விளக்கு மங்கலாகத்தான் எரியும். சக்கரத்தைச் சுத்தம் செய்து கோன்களில் (பால்ஸ் உட்காரும் கூம்புகளில்) கிரீஸ் போடுவதோடு நிறுத்திக்கொள்ளலாம்.

துருவுக்கு வருவோம். குரோம் பாகங்களில் புள்ளிப்புள்ளியாக இருக்கும் துருவுக்கு, சமையலறை அலுமினியத் தாளைக் கசக்கித் தண்ணீரில் நனைத்துத் தேய்த்தாலே ஆச்சரியப்படும் அளவுக்குப் போகும். ஹேண்டில் பார், ராடுகள், ரிம் போன்றவற்றுக்கு ஆக்சாலிக் அமிலக் குளியல் நல்லது. லிட்டருக்கு இருபது முப்பது கிராம் அளவில், பிளாஸ்டிக் தொட்டியில் கரைத்து ஒரு இரவு ஊறவிடுங்கள், பிறகு சோடா உப்பு கரைத்த தண்ணீரில் அலசி உடனே காயவைத்து எண்ணெய் தடவுங்கள். இந்த அமிலம் விஷம். கையுறை, கண்ணாடி கட்டாயம், குழந்தைகளும் ஆடு மாடும் எட்டாத இடம் வேண்டும், பொடியைக் கரைக்கும்போது மூக்கில் ஏறவும் விடக்கூடாது. அது பெயிண்டை ஓரளவு விட்டுவைக்கும், ஆனால் கோடுகளும் எழுத்துகளும் உள்ள பிரேமை நான் அதில் முக்கமாட்டேன். கழிவறைக்கு ஊற்றும் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைச் சிலர் சிபாரிசு செய்வார்கள், கேட்காதீர்கள். அது குரோமையே கரைக்கும், ஸ்பிரிங் போன்ற கடினமான இரும்பை உடையும்படியாகவும் ஆக்கும்.

சரி, எல்லாம் பார்த்த பிறகும் பெயிண்ட் அடிக்கத்தான் வேண்டும் என்ற முடிவுக்கு வந்தால், கேட்டதற்கு நேரடிப் பதில் இது. முதலில், தொடங்கும் முன்பே, கோடுகள் எங்கே எவ்வளவு தள்ளி இருக்கின்றன, எழுத்துகள் எந்த இடத்தில் என்பதை ஸ்கேல் வைத்துப் படமெடுத்துக்கொள்ளுங்கள். பழைய பெயிண்டில் ஈயம் இருக்க வாய்ப்புண்டு, அதனால் உலர்ந்த நிலையில் தேய்க்கவோ கிரைண்டரில் வயர் பிரஷ் மாட்டி ஓட்டவோ கூடாது. வாட்டர் பேப்பரைத் தண்ணீரில் நனைத்துத் தேய்த்து, சேற்றைத் துணியில் வழித்துத் தனியாக அப்புறப்படுத்துங்கள். பழைய எனாமல் இறுக்கமாகப் பிடித்திருக்கும் இடத்தில் அதை முழுசாக உரிக்க வேண்டியதில்லை. அது பாண்டரைஸ் பூச்சோடு சேர்ந்த அருமையான அடித்தளம், அதை 320 எண் பேப்பரால் மினுமினுப்பு போகும் அளவுக்குத் தேய்த்தால் போதும். இரும்பு தெரியும் இடத்தில் மட்டும் துருவை அடிவரை எடுத்து, பாஸ்பாரிக் அமிலம் சேர்ந்த துரு மாற்றியைத் தடவி, டப்பாவில் சொன்ன நேரம் காத்திருந்து கழுவி உலர்த்துங்கள். தொழிற்சாலையில் செய்த பாஸ்பேட் பூச்சுக்கு வீட்டில் கிடைக்கும் நெருக்கமான மாற்று அதுதான்.

பெயிண்ட் வகையில் கவனிக்க வேண்டியது ஒன்றோடொன்று ஒத்துப்போவதை. கேனில் வருபவற்றில் பல வேகமாகக் காயும் வகை, அதில் உள்ள கரைப்பான் காட்டமானது. ஹார்டுவேர் கடை ரெட் ஆக்சைடும் சிந்தெடிக் எனாமலும் ஆறக் காயும் வகை. எனாமலுக்கு மேல் என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) பெயிண்டோ அது மாதிரி காட்டமான கேனோ அடித்தால், சில நிமிடங்களில் மேற்பரப்பு பொங்கிச் சுருங்கி ஆட்டுத் தோல் மாதிரி ஆகிவிடும், மறுபடி முதலிலிருந்துதான். அதனால் பிரைமரும் நிறமும் ஒரே குடும்பத்தில் வாங்குங்கள், பழைய பெயிண்டை மிச்சம் வைத்திருந்தால் அதன் மேல் ஓர் ஓரத்தில் அடித்து ஒரு நாள் பாருங்கள். இரும்பு அதிகம் தெரிந்தால் இரண்டு டப்பாவாக வரும் எபாக்ஸி பிரைமரை நான் விரும்புவேன், ரெட் ஆக்சைடைவிட ஈரத்தை நன்றாகத் தடுக்கும். காருக்கு அடிக்கும் இரண்டு பாக பி.யூ. (பாலியூரித்தேன்) கறுப்பு பளபளப்பில் எல்லாவற்றையும் மிஞ்சும், ஆனால் அதன் ஹார்டனரில் உள்ள ஐசோசயனேட் நுரையீரலைக் கெடுக்கும், சாதாரண முகமூடி அதைத் தடுக்காது. அதை வீட்டில் ஸ்ப்ரே செய்யாதீர்கள், அதுதான் வேண்டுமென்றால் ஸ்ப்ரே பூத் வசதியுள்ள பட்டறையில் கொடுங்கள்.

பவுடர் கோட்டிங் செய்யலாமா என்று அடுத்துக் கேட்பீர்கள். பிரேமுக்குக் கெடுதல் இல்லை, அது சுடும் 200 டிகிரி வெப்பத்தில் பித்தளைப் பற்றவைப்பு அசையாது. ஆனால் பூச்சு தடிமனாக விழும். இந்த வண்டிகளின் அழகே குழாய்கள் சேரும் லக்குகளின் கூர்மையான விளிம்பில்தான் இருக்கிறது, அது மொழுக்கென்று ஆகிவிடும். மரைகளை மறைக்காமல் விட்டால் அதுவும் அடைபடும். எனக்குப் பிடிக்காது.

கேனா பிரஷ்ஷா என்றால், நீங்கள் நம்பமாட்டீர்கள், கறுப்புக்கு நல்ல எனாமலும் மெல்லிய முடியுள்ள பிரஷ்ஷும் போதும். இங்கிலாந்தில் வீட்டில் சைக்கிள் புதுப்பிப்பவர்கள் கோச் எனாமலைப் பிரஷ்ஷால் அடிப்பது பழைய வழக்கம். குழாய் உருண்டையாக இருப்பதால் பிரஷ் கோடு தெரியாமல் தானாகவே மட்டப்படும். கொஞ்சம் டர்பென்டைன் விட்டு இளக்கி, மெல்லியதாக மூன்று நான்கு கோட், ஒவ்வொன்றும் நன்றாகக் காய்ந்த பிறகு 600 எண் வாட்டர் பேப்பரால் தேய்த்துவிட்டு அடுத்தது. கேன்தான் வசதி என்றால் அடிக்க வேண்டிய வரிசையைக் கவனியுங்கள். சீட் குழாய்க்குள் ஒரு கம்பைச் செருகி, சுற்றித் திருப்ப வசதியாகப் பிரேமை மாட்டிக்கொண்டு, அச்சுக் கூட்டின் அடிப்பக்கம், லக்குகளின் உள்மூலை, பின்பக்கக் குழாய்களின் நடுப்பாலம் ஆகியவற்றை முதலில் தொட்டுவிட்டு, நீளமான குழாய்களைக் கடைசியில் அடியுங்கள். மாற்றி அடித்தால், மூலைகளுக்காகத் திரும்பத் திரும்ப அடித்ததில் குழாய்களில் வழிந்துவிடும். ஒரு சாண் தூரம், கை நிற்காமல் ஓட வேண்டும், குழாய்க்கு வெளியே தொடங்கி வெளியே முடிக்க வேண்டும். முதல் கோட்டில் அடியில் இருப்பது தெரிந்தால் பரவாயில்லை, பத்துப் பதினைந்து நிமிடம் விட்டு அடுத்தது. தரையில் தண்ணீர் தெளித்துக்கொண்டால் தூசி எழாது.

நாள் பார்த்து அடிப்பதும் முக்கியம். ஐப்பசி, கார்த்திகை மழையில் தொடாதீர்கள். காற்றில் ஈரம் இருந்தால் வேகமாகக் காயும் கறுப்பு சாம்பல் பூத்த மாதிரி வெளுத்துவிடும். மாசி, பங்குனியில், பனி விலகிய காலை நேரம், நேரடி வெயில் படாத நிழல், இதைவிட நல்ல சூழ்நிலை கிடைக்காது. தொட்டால் ஒட்டாத நிலை ஒரு நாளில் வந்துவிடும், ஆனால் உள்ளே கெட்டியாக வாரக்கணக்கில் ஆகும். எனாமல் என்றால் குறைந்தது மூன்று வாரம் பொறுங்கள். அதற்குள் மட்கார்டு போல்ட்டை முறுக்கினால் வாஷரோடு பெயிண்டும் சுருண்டு வரும். அந்த மூன்று வாரத்தில் ஹப், பெடல், சக்கர வேலைகளை முடிக்கலாம்.

முன்பக்கத் தகட்டைக் கழற்றுவதா வேண்டாமா என்பது கையில் எடுத்துப் பார்த்துத்தான் முடிவுசெய்ய வேண்டும். சின்ன ஆணிகள் தளர்ந்திருந்தால் மெல்லிய தகட்டைச் செருகி நெம்பலாம், இறுக்கமாக இருந்தால் தகட்டின் மேல் வாசலின் தடவி, ஓரம் வரை டேப் ஒட்டி அப்படியே அடித்துவிடுங்கள். வளைந்து கிழிந்த தகட்டைவிட ஓரத்தில் துளி பெயிண்ட் பட்ட தகடு எவ்வளவோ மேல்.

தங்கக் கோடுக்கு ஸ்டிக்கர் டேப் ஒட்டாதீர்கள். ஊரில் சைன் போர்டு எழுதிய பெரியவர் யாராவது இருந்தால் அவரைத் தேடிப் போங்கள். அணில் முடியில் செய்த நீளமான மெல்லிய தூரிகையில் எனாமலை எடுத்து, சுண்டுவிரலைக் குழாயில் ஊன்றி, கையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டே ஒரே மூச்சில் ஒரு முழக் கோடு போடுவார்கள். உருண்டையான குழாயில் அது நேராக வருவதைப் பக்கத்தில் நின்று பார்ப்பதே ஒரு பாடம். நாட்டிங்ஹாமில் போட்டதும் ஏறக்குறைய இதே முறையில்தான். எழுத்துகளுக்கும் சின்னத்துக்கும் மறுபதிப்பு டிரான்ஸ்ஃபர் இங்கிலாந்திலிருந்து தருவிக்கலாம். வருடத்துக்கு வருடம் வடிவம் மாறியிருக்கிறது, ஹப் எண்ணையும் நீங்கள் எடுத்த படத்தையும் அனுப்பி உறுதிசெய்துகொண்டு வாங்குங்கள். மேலே அடிக்கும் வார்னிஷும் காட்டமான வகையாக இருந்தால் டிரான்ஸ்ஃபரே கரைந்து நகரும், அதையும் ஒரு துண்டில் சோதித்துவிடுங்கள்.

கோர்க்கும்போது பால்ஸ் எல்லாம் புதிதாகவே போடுங்கள், விலை பெரிதல்ல. அச்சுக் கப்புக்கு கால் அங்குல பால்ஸ், பக்கத்துக்கு 11. முன் ஹப்புக்கு 3/16 அங்குலம், பக்கத்துக்கு 10. ஏ.டபிள்யூ. ஹப்பை மட்டும் பயந்து பிரிக்காதீர்கள். இதைவிட உறுதியான கியர் ஹப்பை நான் பார்த்ததில்லை, பெரும்பாலும் அதற்கு வேண்டியது எண்ணெய்தான். மூடியைத் திறந்து கொஞ்சம் மண்ணெண்ணெய் விட்டுச் சுற்றி, பக்கவாட்டில் படுக்க வைத்து வடித்துவிட்டு, இலகுவான இயந்திர எண்ணெய் ஒரு தேக்கரண்டி விடுங்கள். உள்ளே கிரீஸ் அடைக்கக்கூடாது, சின்னக் கொக்கிகள் ஒட்டிக்கொண்டு கியர் வழுக்கும். ஓரிரு நாள் ஊறிய பிறகு, செத்துப்போனது என்று நினைத்த ஹப் டிக் டிக் என்று பேச ஆரம்பிப்பதைப் பலமுறை கேட்டிருக்கிறேன். கியர் சரிசெய்ய, லீவரை நடு கியரில் வையுங்கள். வலது பக்க அச்சு நட்டில் ஒரு சின்ன ஜன்னல் இருக்கும், அதன் வழியாகப் பார்த்தால் உள்ளிருந்து வரும் கம்பியும் அதில் கோர்த்த குட்டிச் சங்கிலியும் தெரியும். கம்பி முடிந்து சங்கிலி தொடங்கும் தோள்பகுதி அச்சின் முனையோடு சமமாக இருக்க வேண்டும். அது தப்பினால் இரண்டாம் கியருக்கும் மூன்றாம் கியருக்கும் நடுவில் பெடல் சும்மா சுழன்றுவிடும், நின்று மிதிக்கும்போது நடந்தால் ஆளைக் கவிழ்த்துவிடும்.

டயரில் உங்களுக்குக் கவலையில்லை. ராடு பிரேக் ராலியின் 28 x 1½ அளவு நம் ஊர் சைக்கிளின் அளவேதான், எந்தச் சைக்கிள் கடையிலும் கிடைக்கும். ஸ்போக்ஸும் பிரேக் கட்டையும் அப்படியே. முன்சக்கரத்தில் 32, பின்சக்கரத்தில் 40 என்ற கணக்கும் அங்கிருந்து வந்ததுதான். ரிம் கோட்டம் எடுக்கத் தெரிந்தவர் உள்ளூரில் இருப்பார், அந்த வேலையை அவரிடமே விடுங்கள். தோல் சீட் புரூக்ஸ் என்றால் எண்ணெயில் ஊறப்போடாதீர்கள், தோல் தொய்ந்துவிடும். மெழுகு கலந்த தோல் களிம்பை மேலும் கீழும் மெல்லத் தடவி, வெயில் படாமல் சில நாள் வையுங்கள். ராடு பிரேக் மழையில் சரியாகப் பிடிக்காது, அது உங்கள் வேலையின் குறையல்ல, குரோம் ரிம்மின் குணம். ஈரத்தில் முன்கூட்டியே பிடித்துப் பழகிக்கொள்ளுங்கள்.

புதிய காட்டர் பின்களைப் போடும்போது இரண்டும் எதிரெதிர்த் திசையில் நுழைய வேண்டும், இல்லையென்றால் இரண்டு கிராங்கும் ஒரே நேர்கோட்டில் நிற்காது. நட்டை முறுக்கி மட்டும் பின்னை உள்ளே இழுக்காதீர்கள், மரை அறுந்துவிடும். பழையபடி முட்டுக்கொடுத்துத் தட்டி உட்காரவைத்துவிட்டு, அப்புறம் நட்டை இறுக்குங்கள். முதல் சில கிலோமீட்டர் ஓட்டியதும் நிறுத்தி, மறுபடி ஒரு தட்டு தட்டி நட்டை இன்னொரு முறை இறுக்குங்கள். கட்டாயம் கொஞ்சம் தளர்ந்திருக்கும்.